கால் பார்க்கும் அம்மாள்

சிதம்பரத்தில் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்த அந்த அம்மாள் எனக்கு டோக்கன் தரவில்லை. எழுபதைத் தாண்டிய வயது. என் முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் உற்றுப் பார்த்தார். முந்தின நாள்தான் கடலூரில் வாங்கிய செருப்பு. சாமி கும்பிடும்போதும் என் நினைப்பு அதன் மேலேயே இருந்தது.

திரும்பி வந்தேன். என் வெறுங்காலைப் பார்த்தே சரியான ஜோடியை எடுத்து வைத்தார்.

"மொகத்த பாக்கவே மாட்டீங்களாம்மா?"

"பழகிடுச்சு தம்பி. குமராட்சில என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப தலைய நிமிர விடல. மாப்பிள்ள காலத்தான் பாத்தேன். சுண்டுவிரல் கோணலா இருந்துச்சு. தாலி கட்டி மணவறைய சுத்தி வந்தப்ப, முன்னாடி போனவருக்குப் பத்து வெரலும் நேரா இருந்துச்சு. அடுத்த சுத்துலயும் குனிஞ்சு பாத்தேன், அதே நேர் வெரலுதான்."

"யார்கிட்டயும் கேக்கலையா?"

"தாலி ஏறிடுச்சே, யாரக் கேக்கறது? அவுரு சாவுற வரைக்கும் கேக்கல."

கதை கட்டுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அதற்குள் ஒரு முதியவர் வந்து செருப்பைக் கழற்றினார். அம்மாள் குனிந்து அவருடைய சுண்டுவிரலைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன்.