முடிய மறுத்த கடைசி ரவுண்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். உள்ளே இருநூறு பேருக்கு மேல். ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை, செல்போன் சிணுங்கல்கூட இல்லை. கல்யாண மண்டபத்தில் இப்படி ஒரு அமைதியை நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நடந்தது கல்யாணம் இல்லை. ஆடி மாதத்தில் யார் கல்யாணம் வைப்பார்கள்? அதனால்தான் மண்டபம் சல்லிசாகக் கிடைத்தது. நடந்தது செஸ் டோர்னமென்ட்.

நடத்தியவர் என் நண்பர் செந்தில். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வாரம் பூராவும் சுத்தியல் சத்தத்திலும் வெல்டிங் சத்தத்திலும் இருக்கிற மனிதருக்கு, சத்தமே இல்லாத ஒரு விளையாட்டின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. வருடா வருடம் டோர்னமென்ட் வைப்பார். வருடா வருடம் ஆள் வராது.

"ஏனுங்க, கபடின்னா மூணு ஊர் சனம் கூடுது. நம்மளுக்கு மட்டும் ஏனுங்க ஒரு வேன் ஆளு சேர மாட்டேங்குது?" என்று என்னிடம் புலம்புவார்.

அவரும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். நோட்டீஸ் அடித்தார். ஆட்டோவில் மைக் கட்டிக் கூவினார். போன வருடம், வந்து விளையாடுகிற எல்லோருக்கும் ஒரு அட்டை முட்டை இலவசம் என்று அறிவித்தார். நாமக்கல் ஆயிற்றே... கூட்டம் அலைமோதியது. முதல் ரவுண்டிலேயே வேண்டுமென்று தோற்றுவிட்டு, முட்டை அட்டையை வாங்கிக்கொண்டு முக்கால்வாசிப் பேர் நடையைக் கட்டிவிட்டார்கள். இரண்டாவது ரவுண்டில் மிஞ்சியவர்கள், முட்டை சாப்பிடாதவர்கள்.

இந்த வருடம் யோசனை சொன்னவன் நான்தான். "ஊரைச் சுற்றி இத்தனை ஹாஸ்டல் ஸ்கூல் இருக்கே செந்தில். ஒரு ஸ்கூல் சரின்னு சொன்னா மண்டபம் நிரம்பிடுமே" என்றேன். சொல்லும்போது எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஒரு பள்ளி உடனே சரி என்றது. எல்லோருக்கும் சர்டிபிகேட் வேண்டும், மண்டபம் நிரம்பியிருக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் – இவ்வளவுதான் கேட்டார்கள். ஞாயிறு காலையில் மஞ்சள் பஸ்கள் வரிசையாக வந்து நின்றன.

பிள்ளைகள் இறங்கிய விதமே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஒரே யூனிபார்ம், ஒரே முடிவெட்டு, சட்டைக் காலரில் துணி துவைக்கப் போடுவதற்கான நம்பர். ஆணும் பெண்ணுமாக வரிசையில் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், காயை அடுக்கினார்கள். பத்திலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை.

"எங்க புள்ளைங்க ஒழுக்கம்னா ஒழுக்கமுங்க. நாம சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க" என்றார் கூட வந்த வார்டன். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. அன்று முழுக்க அதற்கு வேலையே வரவில்லை.

காலை ரவுண்டுகள் மளமளவென்று முடிந்தன. செந்தில் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மணமேடையில் ஏறி நின்று, நிரம்பிய மண்டபத்தைத் தன் செல்போனில் தானே போட்டோ எடுத்துக்கொண்டார். சாப்பாடு முடிந்து கடைசி ரவுண்டு ஆரம்பித்தது. அது முடிந்தால் பரிசு, பிறகு பஸ், பிறகு ஹாஸ்டல்.

அது முடியவில்லை.

முதலில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கடைசி ரவுண்டு, யோசித்து ஆடுகிறார்கள் என்று நினைத்தோம். திடீரென்று கரண்ட் போனது. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதுவரை ஃபேன் சத்தத்தில் மறைந்திருந்த இன்னொரு சத்தம் அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்...

காய் வைக்கிற சத்தம்தான். ஆனால் மண்டபம் முழுக்க ஒரே சீராக. வெளியே ஆடிக் காற்று கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். கைகள் மட்டும் நீளுகின்றன, மடங்குகின்றன.

அருகில் போய்ப் பார்த்தேன். ஒரு போர்டில் குதிரை வெளியே வந்தது. எதிரில் இருந்தவனின் குதிரையும் வெளியே வந்தது. முதல் குதிரை திரும்பித் தன் இடத்துக்கே போனது. எதிர்க் குதிரையும் போனது. மறுபடி வெளியே. மறுபடி உள்ளே.

அடுத்த போர்டைப் பார்த்தேன். அதிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

செஸ் ஆடுகிற இடத்தில் வெட்டுப்பட்ட காய்கள் போர்டுக்கு ஓரமாகக் குவிந்து கிடக்கும் அல்லவா? எந்த மேஜையிலும் ஒரு காய்கூட ஓரத்தில் இல்லை. ஒரு மணி நேரமாக இருநூறு பேர் சண்டை போட்டும் ஒரு சிப்பாய்கூடச் சாகவில்லை. எனக்கு முதுகில் வேர்த்தது. ஃபேன் நின்றதால் என்று சொல்லிக்கொண்டேன்.

நடுவராக வந்திருந்தவர் பள்ளிபாளையத்து சாந்தி மேடம். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. அவருடைய முகமும் வெளுத்திருந்தது.

"இது எப்பங்க மேடம் முடியும்?" என்று கிசுகிசுத்தேன்.

"முடியவே முடியாதுங்க" என்றார் அவர். "ஒரு மூவ் வெச்சு கிளாக்கை அமுக்குனா பத்து செகண்டு கூடும். பத்து செகண்டுக்குள்ள அடுத்த மூவ் வெச்சுட்டே இருந்தா டைமே தீராதுங்க. ஒரே நிலை அஞ்சு தடவ வந்துச்சுன்னா நாந்தான் போய் டிரான்னு நிறுத்தணும்."

"அப்ப நிறுத்துங்க..."

"இத்தன வருசத்துல இப்படி நான் பார்த்ததே இல்லைங்க. பக்கத்துல போகவே ஒரு மாதிரி இருக்குது."

இருவரும் சேர்ந்தே போனோம். மூன்றாவது வரிசையில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் நான் குனிந்தேன். பன்னிரண்டு வயதிருக்கும். "ஏன் தம்பி இப்படி ஆடறீங்க?"

அவன் கை நிற்கவில்லை. குதிரையை வைத்தான், கிளாக்கை அமுக்கினான். தலையைத் தூக்காமலே பேசினான்.

"அப்பா வராரு சார். கெங்கவல்லில இருந்து."

சொல்லச் சொல்ல விஷயம் புரிந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பெற்றோர் வந்து பார்க்கலாம். அது இந்த ஞாயிறு. டோர்னமென்ட் வந்ததால் அதை ரத்து செய்துவிட்டார்கள். இவனுடைய அப்பா அன்று சாயங்காலம் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஏறுகிறார். ஆந்திரா பக்கம் போர்வெல் போடுகிற வேலை. போனால் பொங்கலுக்குத்தான் திரும்புவார். போகிற வழியில் மண்டபத்தில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். ஆத்தூர் வந்து, ராசிபுரம் வந்து, நாமக்கல் வர வேண்டும். இன்னும் வரவில்லை. ரவுண்டு முடிந்தால் பஸ் கிளம்பிவிடும்.

"சரி, உனக்காக நீ ஆடற. மத்தவங்க எல்லாம்?"

"நான் எதிர்ல இருக்கறவன்கிட்ட மட்டும்தான் சார் சொன்னேன். மத்தவங்ககிட்ட யார் சொன்னாங்கன்னு தெரியல சார்."

நான் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர்கூட எங்கள் பக்கம் பார்க்கவில்லை. டக்... டக்... டக்... யார் யாருக்குச் சொன்னார்கள்? எப்போது சொன்னார்கள்? வாயே திறக்காத பிள்ளைகள் எதை வைத்துப் பேசிக்கொள்கிறார்கள்? எனக்கு இன்றுவரை தெரியாது.

வார்டன் வேகமாக வந்தார். "மேடம், ஆறு மணிக்கு ஸ்டடி ஹவர் இருக்குதுங்க. சீக்கிரம் முடிச்சு உடுங்க."

சாந்தி மேடம் ஒரு நிமிடம் அந்தப் பையனின் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைக்க ஆரம்பித்தார்.

"நானாப் பார்த்து எண்ணுனாத்தானுங்க நிறுத்த முடியும். கண்ணாடி இல்லாம எனக்கு எதுவும் தெரியாதுங்க."

அந்தக் கண்ணாடியை அவர் எவ்வளவு நேரம் துடைத்தார் தெரியுமா? வார்டன் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தார். செந்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, புள்ளைங்களுக்குக் காத்து கருப்பு ஏதாச்சும் பட்டிருச்சுங்களா?" என்று நடுங்கினார். நான் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் நேரே போய் வாசலில் நின்றுகொண்டார்.

வெயில் சாய்ந்த நேரத்தில் அந்த மனிதர் வந்தார். தோளில் ஒரு பேக், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், தலையெல்லாம் பஸ் புழுதி. செந்தில் அவரை உள்ளே விட்டார். இருநூறு பிள்ளைகள் குனிந்திருப்பதைப் பார்த்து மிரண்டுபோய் அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மகனைக் கூப்பிடவில்லை. செருப்பைக்கூடச் சத்தமில்லாமல்தான் கழற்றினார்.

பையன் வாசலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்வேன். காயை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. கிளாக்கை நிறுத்திவிட்டு, எதிரில் இருந்தவனிடம் கையை நீட்டினான்.

டக் டக் சத்தம் நின்றது. மண்டபம் முழுக்க, நான் பார்த்த ஒவ்வொரு மேஜையிலும், ஒரே நேரத்தில் கைகள் நீண்டன. குலுக்கிக்கொண்டார்கள். நூறு ஆட்டமும் டிரா என்றுதான் நினைத்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே சமயம் பயமாகவும் இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பாவும் மகனும் மணமேடை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். கவரில் வேகவைத்த நிலக்கடலை. அப்பா உரித்துக் கொடுக்கக் கொடுக்க, மகன் தின்றுகொண்டே இருந்தான். வார்டன்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

செந்தில் பரிசுக் கோப்பைகளை எடுத்து வைத்தார். பிள்ளைகள் வரிசைக்கு எழுந்தார்கள். அப்போதுதான் மறுபடி அந்தச் சத்தம்.

டக்... டக்...

கடைசி வரிசை, மூலை மேஜை. இரண்டு சிறுமிகள். குதிரை வெளியே, குதிரை உள்ளே. மண்டபமே எழுந்துவிட்டது அவர்களுக்குத் தெரியாததுபோல ஆடிக்கொண்டிருந்தார்கள்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்தப் பையனோட அப்பா வந்துட்டாரு சாமி. இனி நிறுத்தலாமே?"

"அவங்கப்பா வந்துட்டாருங்க சார்" என்றாள் ஒருத்தி, காயை நகர்த்திக்கொண்டே.

"உங்களுக்கும் யாராச்சும் வராங்களா?"

"எங்கூட்டுல இருந்து யாரும் வர மாட்டாங்க சார்."

"உனக்கு?" என்றேன் மற்றவளிடம். அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டிவிட்டு கிளாக்கை அமுக்கினாள்.

இந்த ஆட்டம் முடிந்தால் பரிசு, பிறகு பஸ், பிறகு ஹாஸ்டல். சாந்தி மேடத்தைத் தேடினேன். அவர் தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தார். ஆனாலும் நிறுத்த வரவில்லை.

நேற்று செந்தில் போன் செய்தார். பள்ளியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்ததாம். அடுத்த வருடம் இதைப்போல இரண்டு மடங்கு பிள்ளைகளை அனுப்புகிறார்களாம். "ஆளு சேர்க்கறது எப்படின்னு உங்க பத்திரிகைப் பத்தியில எழுதுங்க. நாலு ஊருக்கு உபயோகமா இருக்கும்" என்றார்.

ஆள் சேர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை செந்தில்... வந்த பிள்ளைகளைத் திருப்பி பஸ் ஏற்றத்தான் மனசு வர மாட்டேன் என்கிறது.