உப்பளத்துக் குதிக்கால்

காலை எட்டு மணிக்கு நான் பொத்தானை அழுத்தியதும் லிஃப்டின் கம்பியில் தொங்கும் கதிரைகள் மலை ஏறத் தொடங்கும். ஆறு பேர் உட்காரும் கதிரைகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒருவருமே இல்லாமல். முதல் அரை மணித்தியாலம் யாரையும் ஏற்றக் கூடாது. வெறுங்கதிரைகளை ஒரு சுற்று அனுப்பி, கிடக்கிற பனியைத் தும்புத்தடியால் தட்டிவிடுவதுதான் என் வேலை. சுவிட்சர்லாந்தில் இது எனக்குப் பதினோராவது குளிர்காலம். இன்னமும் அந்த வேடிக்கை தீரவில்லை. மேகத்துக்குள்ளே யாரோ கலியாணம் வைத்திருப்பதுபோல அத்தனை கதிரையும் போய் மறைகின்றன.

என் ஊர் புத்தளத்தில் இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள், காலில் நீளப் பலகை பூட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீயை நானும் பழகிவிட்டேன். லிஃப்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சீட்டு இலவசம். கிடைத்ததை ஏன் விடுவான் என்று தொடங்கியதுதான். லிஃப்ட் பக்கத்துச் சரிவை 'பிஸ்டெ' என்பார்கள். இயந்திரத்தால் சீவிச் சமப்படுத்தி, ஓரத்தில் கம்பு நட்டு, ஆபத்து என்றால் கயிறு கட்டி மறித்துவிடும் பாதை அது. என் ஆறு வயது மகள் நஸ்ஹா அங்கே என்னை முந்திப் போய், "வாப்பா, உழுந்து எழும்பி ஆறுதலா வாங்க" என்று நக்கலடிப்பாள். அவள் சிரிப்பைக் கேட்கவே நான் இரண்டு தரம் விழலாம்.

என்னோடு வேலை செய்யும் ரெட்டோதான் மலையின் முதுகுப்பக்கத்தைக் காட்டித் தந்தவன். அங்கே லிஃப்டும் இல்லை, கம்பும் இல்லை. பலகைக்கு அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நடந்து ஏற வேண்டும், பத்து நிமிடத்தில் சறுக்கி இறங்க வேண்டும். என் மனைவி பரீனாவுக்கு இந்தக் கணக்கு விளங்கவேயில்லை. "கதிரையில குந்தினா அஞ்சு நிமிசத்துல மேல கொண்டுபோய் வுடுது. அத வுட்டுட்டு நடக்கிறீங்களே, மண்டையில என்னமும் பிழையா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இஞ்ச ஒங்களுக்கு ஒண்டு நடந்தா மையத்துச் சந்தூக்குத் தூக்கவும் நாலு பேர் இல்ல. நெனவுல வெச்சிக்கோங்க."

அதற்குப் பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். என் லீவு நாள் புதன்கிழமை. மூன்று புதன் மகளோடு பிஸ்டெயில், நாலாவது புதன் ரெட்டோவோடு முதுகுப்பக்கம். ரெட்டோ திரும்பச் சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்ப வேண்டும். என் மூன்று புதனும் மகிழ்ச்சியாகத்தான் போயின. ஆனாலும் நான் விரல் மடித்துக் காத்திருந்தது நாலாவதுக்கு. காரணத்தைப் பரீனாவிடம் நான் சொல்லவில்லை.

காரணம் இதுதான். அங்கே வெயில் ஏறியதும் வெள்ளை கண்ணைக் கூசும். தூரம் எது, கிட்ட எது என்று தெரியாது. காற்றும் ஓய்ந்துவிட்டால் நான் புத்தளம் உப்பளத்தில் நடந்துகொண்டிருப்பேன். வலப்பக்கம் களப்புத் தண்ணீர், எதிரே கரைத்தீவுப் பக்கத்துப் பனைகள், நெற்றியில் பிசுபிசுக்கும் வியர்வை, யாரோ தேத்தண்ணிக்குக் கூப்பிடும் குரல். இங்கே வரும்வரை ஏழு வருடம் நான் அந்தப் பாத்திகளில் உப்பு வாரியவன். விமானச் சீட்டில்லாமல் ஊருக்குப் போய்வர எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. அதை இழக்க மனம் வரவில்லை.

உப்பளத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம். யாரும் சொல்லித் தந்ததில்லை. பாத்தியில் இறங்கியதும் குதிக்காலால் ஒரு குத்துக் குத்திப் பார்ப்போம். 'கறுக்' என்று மெல்லிசாகக் கேட்டால் உப்பு இன்னும் பொருக்குத்தான், நாலு நாள் போகட்டும். சத்தம் அடியிலிருந்து கனமாக வந்தால் விளைந்துவிட்டது. அந்தக் கனத்த சத்தத்துக்குக் கூலிக்காரன் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும்.

போன மாதம் நாலாவது புதன், ரெட்டோ இருபது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். நடக்கிற பலகையில் குதிக்காலைப் பூட்டுவதில்லை, தூக்கித் தூக்கி வைக்கலாம். பனியின் மேலோடு நல்ல இறுக்கம். என்னையறியாமல் ஒரு குத்துக் குத்தினேன். அடியிலிருந்து 'உம்' என்று ஒரு சத்தம் வந்தது. அடடா, என்ன கனம்! வாயெல்லாம் பல்லாக, "நல்லம், ரெட்டோ! நல்லம்!" என்று ஜெர்மனில் கத்திக்கொண்டு இன்னொரு குத்துப் போட்டேன்.

ரெட்டோ திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. "அசையாதே" என்றான். எங்களுக்கு இடப்பக்கம் பனியில் ஒரு கோடு ஓடியது. கோட்டுக்குக் கீழே இருந்த சரிவு முழுவதும் பாய் உருவுவதுபோல நழுவிப் போய், பள்ளத்தில் புகையாக எழும்பியது. அல்லாஹ் காப்பாற்றினான். நாங்கள் நின்ற துண்டு மட்டும் அப்படியே இருந்தது.

வந்த தடத்திலேயே ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். லிஃப்டடியில் போடும் பாட்டுக் கேட்கத் தொடங்கியதும் ரெட்டோ சொன்னான். "அந்தச் சத்தம் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் பொலபொலத்த பனி உடைகிற சத்தம். அதைக் கேட்டால் எல்லோரும் ஓடுவார்கள். நீ சிரித்தாய். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது."

பரீனாவிடம் மறைக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால் மலை போய்விடும். ஆனால் நஸ்ஹா ஓடிவந்து ஈரக் காலைக் கட்டிக்கொண்டதும் மறைக்கத் தைரியம் வரவில்லை. குசினிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், உப்பளம் உட்பட. ஏசுவாள் என்று நின்றேன். அவள் பாண் வெட்டிய கத்தியை வைத்துவிட்டு அழுதாள்.

"பதினொரு வருசமா நான் இஞ்ச இருக்கன், புள்ள பொறந்ததும் இஞ்சதான்" என்றாள். "நீங்க இன்னும் வந்து சேரவே இல்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "போக வேணாமெண்டு சொல்ல மாட்டன். போங்க. ஆனா இஞ்ச இருந்து போங்க."

இந்த மாதத்து நாலாவது புதன் மறுபடி போனேன். மேட்டில் ரெட்டோ மண்வெட்டியால் இடுப்பளவு குழி வெட்டி, பனியின் அடுக்குகளைக் காட்டினான். கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தேன். மேலோடு கல்போல இருந்தது. அதன் கீழே விரல் பொதுக்கென்று உள்ளே போனது. அள்ளி எடுத்தால் உள்ளங்கை நிறைய மணிமணியாகப் பளபளத்தது, எங்கள் ஊர்க் கல்லுப்பு அப்படியே. ஒரு மணியை நாக்கில் வைத்தேன். உப்பில்லை. வெறும் தண்ணீர்.

"திரும்புவோம்" என்று ரெட்டோவுக்கு முதல் நானே சொன்னேன். கையில் மிச்சம் இருந்தது கரைந்து விரலிடுக்கால் ஒழுகியது. தண்ணீர் என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டது. கை மட்டும் கேட்கவில்லை, வீடு வந்து சேரும்வரை உப்புப் பட்டதாகவே எரிந்துகொண்டிருந்தது.