சுடாத கை

ஷரீஃபுன்னிசாவுக்கு இந்த உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரன் ஊற்றினால் படியைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்ப்பாள். ரேஷன் கடையில் தராசுத் தட்டுக்குக் கீழே குனிந்து பார்ப்பாள். ராயபுரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்தோம். என் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே அவள் வாசல். அவசரத்துக்குக் கொஞ்சம் காபித்தூள் கொடுத்தேன். மறுநாள் வந்து, "ரோசிக்கா, நேத்து குடுத்தது நெசமாவே காபித்தூளுதானா?" என்கிறாள். குடித்துவிட்டுக் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் புருஷன் லியாகத் அலி, துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். வாயில்லாப் பூச்சி. அறுபத்தெட்டாம் வருஷம் திடீரென்று அவனுக்குப் பேர் வந்துவிட்டது. காய்கிற கல்லிலிருந்து பரோட்டாவை வெறுங்கையால் எடுப்பான். மற்ற மாஸ்டர்களும் எடுப்பார்கள்தான், ஆனால் உதறிக்கொண்டு எடுப்பார்கள். இவன் பூ எடுக்கிற மாதிரி நிதானமாக எடுத்து வைப்பான். மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று விசில் அடித்தார்கள். "மாமு, ஒன் கைய பாத்தா நெருப்பே பயப்படுது!" நானும் என் வீட்டுக்காரரும்கூட ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், பொய் சொல்வானேன்.

ஷரீஃபுன்னிசா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரே மெச்சுது, ஒனக்கு இன்னாடி?" என்றேன்.

"நேத்து அவரு வெரல்ல இம்மாம் பெரிய கொப்புளம்க்கா. இன்னாய்யா இதுன்னு கேட்டா, அவரே அப்பதான் பாக்குறாரு. சுட்டது எப்டிக்கா தெரியாம பூடும்? எவளோ அவருக்கு மருந்து வச்சிக்கீறா."

பாவி, எங்கே சுற்றி எங்கே வந்து நிற்கிறாள் பாருங்கள்! அன்றிலிருந்து அவன் சட்டையை மோந்து பார்த்தாள். கடைவரைக்கும் பின்னாலேயே நடந்தாள். பூக்காரி சிவந்தி அவனைப் பார்த்துச் சிரித்தாளென்று நடுத்தெருவில் சண்டை. சிவந்தி பேரன் பேத்தி எடுத்தவள்!

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, லியாகத் முற்றத்தில் பாய் போட்டுத் தூங்கினான். இவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் முழங்கைக்குக் கீழே தேமல் போல வெளுத்த ஒரு இடம் கண்ணில் பட்டது. கையிலிருந்த ஊசியால் லேசாகக் குத்தினாள். அசையவில்லை. அழுத்திக் குத்தினாள். ரத்தம் துளிர்த்தது, குறட்டை நிற்கவில்லை. "ரோசிக்கா!" என்று அவள் போட்ட கூச்சலில்தான் அவன் எழுந்தான்.

இருவரையும் நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா அவனைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அங்கங்கே தொட்டார். தேமல் மேல் தொட்டபோது அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார். தடித்திருந்தது.

"தோலுக்கு அடியில ஓடுற நரம்புதாம்மா சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லுது. அந்த நரம்புல ஒரு கிருமி புகுந்திருக்கு. கை வேகுது, மூளைக்குச் சேதி போகலை. இப்படியே கல்லுல வெச்சா, புண்ணுமேல புண்ணாகி விரலே போயிடும்."

நோயின் பேரையும் சொன்னார். குஷ்டம். லியாகத் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க. ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. இது அடுத்தவங்களுக்கு ஒட்டுற வகையும் இல்லை. ஆனா மாத்திரையை வருஷக்கணக்குல விடாம முழுங்கணும். உணர்ச்சி திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

"அப்ப யாரும் மருந்து வெக்கலியா?" என்றாள் இவள். கேட்கிற நேரம் பார்த்தீர்களா!

கடைக்காரர் அன்றோடு வரவேண்டாம் என்றுவிட்டார். விசில் அடித்தவர்கள் அவன் வந்தால் எதிர்ச்சாரிக்குப் போனார்கள். அவள் குடத்தோடு வந்தால் குழாயடி காலியாகிவிடும். என்ன மனுஷர்களோ! அவள் பாவாடை தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். அவனை அடுப்புப் பக்கமே விடவில்லை. தினமும் அவன் மாத்திரை போட்டதும் எதிரே நின்றாள்.

"நாக்க தூக்குய்யா."

"முழுங்கிட்டேன் ஷரீஃபா."

"கன்னத்துல ஒதுக்கிகினு கீற. அந்தப் பக்கம் காட்டு."

அவன் அழுதுகொண்டே காட்டுவான். விரல் இருக்குமா போகுமா என்கிற பயம் அவனை அரித்தது. அவளையும்தான், ஆனால் அவள் காட்டிக்கொள்ள மாட்டாள்.

இரண்டாம் வருஷம் ஒரு காலை. அவள் முற்றத்துக் குழாயடியில் இருந்தாள். உள்ளே பால் பொங்கியது. அவன் ஓடிப்போய்ப் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்துவிட்டான்.

"யா அல்லா!"

பாத்திரம் உருளும் சத்தம். விரலை உதறிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தான். "சுடுது! ஷரீஃபா, சுடுதுடி!" சிரிக்கிறான், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. எனக்கும் நிற்கவில்லை.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நடிக்கிறியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த விரலைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். அவன் அலறிய அலறலில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. அப்புறம்தான் அவள் குழாயடிச் சேற்றிலேயே உட்கார்ந்து, விரலை விடாமல், வாய்விட்டு அழுதாள்.