நெட்டா ஹார்கனின் ஐந்து சீட்டிகள்

நெட்டா ஹார்கனுக்குப் பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாள்கூடச் சில வருஷம் மறந்துபோகும். நாய்களின் சீட்டி மட்டும் மறந்ததே இல்லை. எழுபத்தொன்பது வயதுக்குள் ஐந்து நாய்கள், ஐந்து சீட்டிகள். வாராகூல் ஊரைச் சுற்றியுள்ள ஆட்டுப் பண்ணைகளில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தனிச் சீட்டி உண்டு. ஒரே மேய்ச்சல் நிலத்தில் இரண்டு பேர் இரண்டு நாய்களை ஏவும்போது, அவரவர் நாய் அவரவர் சீட்டிக்குத்தான் அசைய வேண்டும். இல்லாவிட்டால் ஆடுகள் திசைக்கொன்றாய்ச் சிதறி, அன்றைய பொழுதே பாழ். செத்த நாயின் சீட்டியை அடுத்த குட்டிக்குக் கொடுத்துவிடும் சோம்பேறிகளும் இருக்கத்தான் செய்தார்கள். நெட்டா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அது செத்தவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வது மாதிரி என்பாள்.

முதல் நாய் மோஸ். இடி இடித்தால் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய் ஒளிகிறது என்று அப்பா வேண்டாமென்று தள்ளிய நாய். பதினெட்டு வயதில் நெட்டா அதைத் தனக்கு என்று கேட்டு வாங்கினாள். பெண்பிள்ளை வாயில் விரல் வைத்துச் சீட்டியடிப்பதா என்று அம்மாவுக்கு வருத்தம். நெட்டா கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று உதடு வெடிக்கும்வரை பழகினாள். கடைசியில் வந்தது ஒரே நீள இழுப்பு, கீழிருந்து மேலே ஏறிப் போவது. மோஸ் காதை நிமிர்த்தி, இவளைப் பார்த்து, பாய்ந்து போய் முப்பது ஆடுகளை வளைத்துக்கொண்டு வந்து காலடியில் நிறுத்தியது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் தன் கல்யாணத்தன்று இல்லை என்று லெஸ்ஸிடமே சொல்லியிருக்கிறாள்.

லெஸ் அவள் புருஷன். நல்ல மனுஷன், ஆனால் விரல் சீட்டி வராது. ஜாம் டப்பா மூடியை மடித்து, நடுவில் ஓட்டை போட்டு, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து ஊதுவான். அந்தத் தகர விசிலை வைத்து நெட்டா அவனை ஓட்டாத நாளில்லை.

"பல்லு இல்லாதவன்தான் தகரத்தைக் கடிப்பான்" என்பாள்.

"உனக்குச் சீட்டி எதுக்குடி? நீ சும்மா பேசினாலே ஆடெல்லாம் ஓடிடுமே" என்பான் அவன்.

இரண்டாவது நாய் டாட். அதற்கு இரண்டு குட்டைச் சீட்டி. பட்டியில் ஆடுகள் நெருக்கியடித்து நின்றால் அவற்றின் முதுகுமேல் ஏறி, படிக்கட்டில் போவதுபோல் ஓடிப்போய் முன்னால் குதிக்கும். மூன்றாவது ரெட். அதற்கு மேலிருந்து கீழே இறங்கும் நீளச் சீட்டி. மழை பொய்த்த அந்த மூன்று வருஷத்தில், எழுந்து நிற்க முடியாத ஆடுகளை லெஸ் சுட்டுக் குழியில் தள்ளியபோது, ரெட் குழியின் ஓரத்தில் படுத்துக்கொண்டு இரண்டு நாள் சோறு தொடவில்லை. நெட்டாவும் தொடவில்லை. அதைப்பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள்.

நான்காவது பெக், திருட்டு நாய். முட்டை எந்தக் கூடையில் இருந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். அதன் சீட்டி மூன்று, நடுவில் உள்ளது மட்டும் தாழ்வாக. லெஸ் நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்த வாரம் முழுக்க, பெக் அவனுடைய பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. நெட்டாவுக்குப் பொல்லாத கோபம். சோறு போட்டது இவள், பழக்கியது இவள், துக்கம் மட்டும் அவனுக்கா? ஏழாம் நாள் அவளும் பின்தட்டில் ஏறி நாயின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் இறங்கினார்கள். லெஸ்ஸின் தகர விசிலை அன்றைக்குத் தன் சாவிக்கொத்தில் மாட்டினாள். வாயில் மட்டும் வைக்கவில்லை. ரோஷம்.

ஐந்தாவது ஜிப். பக்கத்துப் பண்ணை ராஸ் கெல்லாவே என்பவன் தன் நாய் போட்ட குட்டிகளில் கடைசியாக மிஞ்சியதைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு குட்டை, ஒரு நீளம். வேலை நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அந்தப் பக்கத்தில் சட்டம் மாதிரி. மற்ற நான்கும் நிலைப்படி தாண்டாமலே செத்தன. ஜிப் மட்டும் கடைசி ஒரு வருஷம் துணி துவைக்கும் அறையில் பழைய கம்பளிமேல் படுத்தது. ராஸ் வரும் சத்தம் கேட்டால் நெட்டா அதை வெளியே தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தேநீர் போடுவாள்.

பிறகு கேடுகாலம் வரிசையாக வந்தது. முதலில் பல் போனது. பல்செட்டு மாட்டியதும் சீட்டிக்குப் பதில் வெறும் காற்று வந்தது. ஜிப் தலையைச் சாய்த்து, கிழவி கேலி செய்கிறாளோ என்று பார்த்தது. அதற்கப்புறம் கையை ஆட்டியும் வண்டி ஹாரனை அடித்தும் ஒப்பேற்றினாள். அடுத்து இடுப்பு எலும்பு முறிந்தது. பண்ணையை வெளியூர்க்காரர்களுக்கு விற்றுவிட்டு, டவுனில் வயதானவர்களுக்கான சின்ன வீட்டுக்குக் குடிபோனாள். அங்கே நாய் கூடாது. ஜிப்பை ராஸ் வாங்கிக்கொண்டான்.

நாய்க்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவிழ்த்துவிட்ட நேரமெல்லாம் வேலியில் நுழைந்து பழைய பண்ணைக்கே போய் உட்கார்ந்தது. ராஸ் சங்கிலியில் கட்டிப்போட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவனிடமிருந்து போன் வந்தது.

"நெட்டா, தப்பு என் மேலதான். ஜிப்புக்குக் கழுத்து புண்ணாயிருக்கேன்னு கழுத்துப்பட்டையை ஒரு ஓட்டை தளர்த்திக் கட்டினேன். உருவிக்கிட்டுப் போயிட்டான்."

"எங்க இருக்கான்?"

"உங்க பழைய கொட்டகை வாசல்ல. ஓடைக்கு அந்தப் பக்கம்." ராஸ் கொஞ்சம் தயங்கினான். "காலையிலதான் பண்ணைய வாங்கினவங்க ஓடைக்கரை நெடுக நரிக்கு விஷக்கறி போட்டிருக்காங்க. ஆடு குட்டி போடுற நேரமில்லையா."

தான் நடந்து கிட்டே போனதையும் சொன்னான். இவனைக் கண்டாலே சங்கிலி என்று நினைத்து நாய் ஓடைப் பக்கமாக நகர்ந்ததாம். பயந்து திரும்பி வந்துவிட்டான். மழையில் சுற்றுப்பாதை முழுக்கச் சேறாகக் கிடந்ததால் வண்டியும் போகாது.

"நீ அசையாம அங்கயே நில்லு" என்று நெட்டா போனை வைத்தாள்.

ஆறு மாசம் கார் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது ஐந்தாவது மாசம். நாற்பது நிமிஷ வழியை முப்பது நிமிஷத்தில் ஓட்டிக்கொண்டு போனாள். ஓடைக்கு இந்தப் பக்கம் வேலிக் கதவோரம் ராஸ் நின்றான். எதிரே மேட்டில், கொட்டகை வாசலில், ஜிப் ஒரு கறுப்புப் புள்ளியாகப் படுத்திருந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க, வந்துடுவான்" என்றான் ராஸ்.

நெட்டா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரும், சந்தேகமில்லை. ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு, வழியில் கிடப்பதையெல்லாம் மோந்து பார்த்துக்கொண்டு வரும். ஒரு துண்டு வாயில் பட்டால் போதும். கூப்பிடுவதும் ஹாரனும் வீட்டுப் பேச்சு, சீட்டி என்றால் வேலை. வேலையில் இருக்கும் நாய் நேர்கோட்டில் வரும், கறிமலையே கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது.

சாவிக்கொத்திலிருந்து தகர விசிலைக் கழற்றினாள். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த உயிர், அவள் வாயில் சரியான சத்தம் வராததால் சாகப்போகிறதோ என்று நினைத்தபடியே அதை வாயில் வைத்தாள்.

முதல் ஊதலில் எச்சில்தான் வந்தது. இரண்டாவதில் காற்று. நாக்கைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது முறை ஊதியபோது திடீரென்று பிடித்துக்கொண்டது. ஆனால் வந்தது ஜிப்பின் சீட்டி அல்ல. கீழிருந்து மேலே ஏறும் ஒரே நீள இழுப்பு. அறுபது வருஷத்துக்கு முன் கோழிக்கூண்டுக்குப் பின்னால் பழகிய அதே சத்தம். ஜிப் தலையைத் தூக்கியது, எழவில்லை. அது வேறு யாருக்கோ உரியது என்று அதற்குத் தெரியும்.

நாக்கு பழகிய வரிசையில்தான் போயிற்று, அவளால் மாற்ற முடியவில்லை. டாட்டின் இரண்டு குட்டை. கொஞ்சம் இடைவெளி விட்டு, மேலிருந்து கீழே இறங்கும் நீளம்.

"அது ரெட்டோடது" என்றான் ராஸ் மெதுவாக. அவன் சின்ன வயதில் வேலிக்கு அந்தப்புறமிருந்து கேட்டு வளர்ந்தவன்.

அடுத்து பெக்கின் மூன்று, நடுவில் உள்ளது தாழ்வாக. ராஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

நெட்டா மூச்சு வாங்கினாள். விசிலைத் துடைத்துத் திரும்ப வைத்தாள். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

மேட்டிலிருந்த புள்ளி எழுந்துவிட்டது. வயிறு தரையில் உரசப் பாய்ந்து வந்தது. ஓடைக்கரைப் புல்லுக்குள் மறைந்தது. தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டது. அதே கோட்டில் இந்தப் பக்கம் ஏறி, வேலிக்கடியில் நுழைந்து, அவள் காலடியில் வந்து வேலை நாய் படுக்க வேண்டிய விதமாகப் படுத்தது. நெட்டா குனிய முடியாமல் குனிந்து அதன் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கும் பல்லும் தவிர ஒன்றுமில்லை. அவளுக்கு அழுகை வந்தது, ராஸ் பார்க்கிறான் என்று வெட்கப்படவும் இல்லை.

ராஸ் தன் பிக்கப்பின் பின்தட்டைத் திறந்தான்.

"அங்க வேணாம். என் கார்ல முன் சீட்டுல ஏத்து" என்றாள் நெட்டா.

"உள்ளேயா? அப்புறம் டவுன்ல அந்த வீட்டுக்காரங்க?"

"ஒரு வருஷமா வீட்டுக்குள்ளதான் படுத்தான், உனக்குத்தான் தெரியாது. அவங்க வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும், பாத்துக்கறேன்."

ராஸ் சிரித்துக்கொண்டே நாயைத் தூக்கி முன் சீட்டில் வைத்தான். ஜிப் அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. நெட்டா காரில் ஏறவில்லை. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, கிளம்பலாமா?" என்றான் ராஸ்.

"ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு அவள் ஓடையைத் தாண்டி அந்த மேட்டையே பார்த்தாள். ஜிப்புக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று.