யாருக்கும் சொல்லாத ஹுவாங்யன்

பாதி பச்சையாக நிற்கும் மண்டரின் தோடம்பழத்தின் தோலில் நகத்தை ஊன்றினால் சாறு கண்ணில் தெறித்து எரியும், அந்த எரிவோடு ஒரு மணமும் எழும்பும். அந்த மணத்தை நான் அறிந்தது சீனாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹுவாங்யன் என்ற ஊரில், எட்டு வயதில், ஜெர்மனியில் நாங்கள் இருந்த எசன் நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால விடுமுறை விட்டிருந்தபோது. எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு லண்டனிலோ பாரிசிலோ இருக்கும் மாமி, சித்தி வீடுகளுக்குத்தான் போவார்கள். எங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை, ஆகவே நான் சீனாவுக்குப் போனேன்.

அப்பா வேலை செய்தது எசனில் ஒரு சீன உணவகத்தின் சமையலறையில். முதலாளியின் மகள் லின் என் வகுப்பில் படித்தாள். அந்த வருடம் அம்மா வயிற்றில் தம்பி இருந்தான். அம்மாவுக்கு எந்நேரமும் புளிப்பில்தான் ஆசை. மாங்காய்க்கு எங்கே போவது? அப்பா உணவகத்திலிருந்து மண்டரின் சுளை அடைத்த தகரப்பேணி கொண்டுவருவார். அம்மா ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டு, "இஞ்சேருங்கோ, இது வெறும் சீனித்தண்ணியப்பா" என்று முகத்தைச் சுளிப்பார். "வயித்துப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைத் தின்னாட்டி பிள்ளைக்குக் காதில சீழ் வடியுமாம், தெரியுமோ?" என்று அப்பா பகிடி பண்ணுவார். அவருக்கு அது பகிடி, எனக்கு அல்ல. தம்பியின் காதை நினைத்து நான் உண்மையாகவே பயந்துபோயிருந்தேன்.

அந்தப் பேணிகளுக்குள் இருப்பது தங்கள் ஊர்ப் பழம்தான் என்று லின்னின் தாய் சொல்லியிருந்தார். அவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகக் கேட்கிறார்கள் என்று அப்பா சொன்னதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. மரத்தில் பிடுங்கிய நல்ல புளிப்புப் பழம் கொண்டுவருவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். "கொண்டு வா, பிள்ளை" என்றார் அம்மா, பெட்டிக்குள் என் சட்டைகளை மடித்து வைத்தபடியே.

ஹுவாங்யனில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் வளைந்து வளைந்து போகும் ஓர் ஆறு. கடல்நீர் ஏறிவரும் நிலம் என்பதால், உப்பு வேருக்கு எட்டாதபடி ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியாக மண்மேடு கட்டி அதன்மேல் நட்டிருந்தார்கள். லின்னின் மாமா எங்களுக்கு நுனி மழுங்கிய கத்தரிக்கோல் தந்தார். பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. கிளையிலிருந்து ஒருமுறை வெட்டி, பிறகு காம்பை ஒட்ட இன்னொருமுறை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூடைக்குள் காம்பு மற்றப் பழங்களைக் குத்திவிடும். அம்மாவுக்கு வைத்த பழங்களில் மட்டும் நான் இலையையும் விட்டு வெட்டினேன், மரத்தில் பிடுங்கியது என்று அவர் நம்ப வேண்டுமே.

லின்னின் தாய் என்னை விழுந்து விழுந்து கவனித்தார். மீனில் பெரிய துண்டு எனக்கு, சுளை உரித்து வாயில் ஊட்டுவதும் எனக்கு. தாயை நான் பறித்துக்கொண்டேன் என்று லின் மூஞ்சியை நீட்டினாள். சில வேளைகளில் அவர் முற்றத்தின் மூலையில் நின்று தொலைபேசியில் மெதுவாக ஜெர்மன் பேசுவார், பிறகு வந்து என் தலையைத் தடவுவார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அப்பா மட்டும் நின்றார். ரயிலில் ஏறி இருந்த பிறகு, "தம்பி வந்திட்டுப் போட்டான், பிள்ளை" என்றார். எங்கே என்று கேட்டேன். "அவனுக்கு இதயம் சரியா உருவாகேல்லை. நிண்டு பிடிக்க மாட்டான் எண்டு டொக்டர்மார் முதலே சொன்னவை. நீ வீட்டில நிண்டு அதைப் பாக்கக் கூடாதெண்டுதான் அனுப்பினனாங்கள்."

"நான் பழம் கொண்டுவரப் பிந்தினதாலையோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை, இல்லை." அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எதிரில் இருந்த ஜெர்மன்காரி ஒரு கடதாசிக் கைக்குட்டையை நீட்டினார். இறங்கும் நேரத்தில் அப்பா சொன்னார்: "அம்மாட்ட இப்ப ஒண்டும் கேக்காதை. அங்க பாத்ததுகளைப் பிறகு சொல்லலாம்."

அம்மா அதே தொளதொளத்த சட்டையோடு சோபாவில் இருந்தார், வயிறு இல்லை. பழப் பையை அவர் திறந்து பார்க்கவில்லை, நானும் நீட்டவில்லை. அது பல்கனியில் கிடந்து தோல் சுருங்கிப்போக, ஒருநாள் அப்பா கீழே கொண்டுபோய்க் கொட்டினார். பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று வகுப்பில் எல்லோரும் வட்டமாக இருந்து விடுமுறைக் கதை சொன்னோம். என் முறை வந்ததும், "வீட்டிலேயே நின்றோம்" என்றேன். லின் என்னையே பார்த்தாள்.

ஹுவாங்யனில் இருந்த அளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை, அம்மா அவ்வளவு துயரப்பட்டதும் அதே நாட்களில்தான். இரண்டையும் ஒரே வீட்டுக்குள் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா சொன்ன "பிறகு" வரவே இல்லை.

இப்போது அந்த உணவகம் இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை. லின்னின் பெற்றோர் ஊருக்கே போய்விட்டார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளை நாங்கள் எரிப்பதில்லை, அதனால் தம்பியை எசன் மயானத்தில் பிள்ளைகளுக்கான பகுதியில் அடக்கம் செய்திருந்தார்கள். இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. இந்த வசந்தத்தில் அந்தத் தவணை முடிய, அந்த வரிசையின் கற்களையெல்லாம் எடுத்து, நிலத்தை மட்டமாக்கிப் புல் விதைத்துவிட்டார்கள். அம்மாவும் நானும் போனோம். எந்த இடம் என்று அம்மாவால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் அம்மா திடீரென்று கேட்டார்: "அந்தச் சீனாவில நீ என்ன செய்தனி? ஒருக்காலும் சொல்லேல்லையே."

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன். கடல் வற்றிய சேற்றில் துள்ளித் திரியும் குட்டி மீன்களைப் பிடிக்கப் போய், லின் முகம் குப்புற விழுந்தாள். தூக்கப்போன நானும் விழுந்தேன். எழும்ப ஏலாமல் இரண்டு பேரும் சேற்றுக்குள் கிடந்து வயிறு நோகச் சிரித்தோம்.

"அது என்ன கிழமை?" என்றார் அம்மா.

"ஞாபகம் இல்லையம்மா."

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தம்பி பிறந்தது ஒரு வியாழக்கிழமை," என்றார். "அண்டைக்கெண்டே வைச்சுக்கொள்ளுவம். என்ர ஒரு பிள்ளையாவது அண்டைக்குச் சிரிச்சிருக்கு."