கரண்டியின் வெள்ளைச் சுவர்

அவளைக் குடும்பத்தில் எல்லோரும் கரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைச் சூட்டிய புண்ணியவான் அக்காள் புருஷன். பகல் முழுக்கத் தையல்கடையில் ஊரார் சட்டைகளைத் தைத்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்தால், தரையில் ஒட்டுகிற லினோலியத் துண்டும் செதுக்குளியுமாக உட்கார்ந்துவிடுவாள். செதுக்கிய படத்தின் மேல் உருளையால் மை தடவி, தாளைப் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுப்பாள். அந்தக் கரண்டி சமையலறைப் பக்கம் போனதே கிடையாது.

"ஏன் கரண்டி, நீ ஒண்ணு தேய்க்கறதுக்குள்ள என் மெஷின் ஆயிரம் போட்டுடுமே!" என்று அத்தான் கெக்கலிப்பார். சொந்த அச்சகம் வைத்திருப்பவர், வாய்க்குக் கேட்கவா வேண்டும்!

போன வருடம் அவள் காய்ச்சலில் கிடந்தாள். அக்காவும் அத்தானும் பார்த்துவிட்டுப் போனார்கள். எழுந்து பார்த்தால், மாதக்கணக்கில் செதுக்கிய அச்சைக் காணோம். கொடியில் காயும் சட்டைகளுக்கு நடுவே ஒரு காக்கை உட்கார்ந்திருக்கும் படம் அது. அதே காக்கை அச்சகத்தின் காலண்டரில் வந்து உட்கார்ந்தது. கீழே ஓவியர் என்று அத்தான் பெயர். நேரே போய்க் கேட்டாள்.

"உலகத்துல உன் காக்கா மட்டும்தான் காக்காவா?" என்றார் அத்தான். பக்கத்திலிருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், புருஷனுக்குப் பயந்தவள் என்று இவளாகவே நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தாள். "இருய்யா, உன் மையாலேயே உன் மூஞ்சில கரியைப் பூசறேன்" என்று கருவிக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

பெரிய வெள்ளைச் சுவர், அதனடியில் தூங்கும் பூனை. சுவர் வெள்ளையாக வர வேண்டுமென்றால் அந்த இடத்தை ஆழமாகக் குடைந்து எடுக்க வேண்டும். இவள் வேண்டுமென்றே மேலோட்டமாகக் குடைந்து, உளித் தடம்போல வரிவரியாகத் தாழ்ந்த மேடுகளை விட்டாள். அந்த மேடுகளுக்கிடையே எழுத்துகளை இடம் வலம் மாற்றி, பூனையைவிட ஒரு மயிரிழை தாழ்வாகச் செதுக்கினாள். மை பட்டாலும், பலமாக அழுத்தினால்தான் தாள் அவற்றைத் தொடும். கரண்டியால் தேய்த்தபோது சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பிறகு மறுபடி மை தடவி, வேறு தாளைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். எழுத்து அத்தனையும் வந்தது. அத்தானின் மெஷின் அவளைவிடப் பலமாக அழுத்தும்.

அடுத்த முறை இருவரும் வந்தபோது, அந்த அச்சையும் கரண்டியால் எடுத்த படத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு, வேலை இருக்கிறதென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர்கள் போனதும் வந்து பார்த்தாள். மேசை காலி. தனியே நின்று சிரித்தாள்.

அத்தான் அச்சகத்தின் புது மெஷின் தொடக்க விழாவுக்கு வாடிக்கையாளர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இவள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"என் கையாலேயே செதுக்கினது. முதல் தாள் இதுதான்!" என்று அத்தான் பட்டனைத் தட்டினார். வந்த தாளைப் பார்க்காமலேயே தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். பூனைக்கு மேலே சுவர் முழுக்க 'நான் திருடன்' என்றிருந்தது. அடியில், ஓவியர் என்று அத்தானே போட்டுக்கொண்ட அவர் பெயர், கொட்டை எழுத்தில்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. அத்தான் தாளைத் திருப்பிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. அவர் இவள் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியிடம்தான் பாய்ந்தார்.

"எதை எடுத்துட்டு வந்திருக்கே நீ? பாத்து எடுக்கத் தெரியாதா?"

இவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீயா?"

"ஆமாடி, நான்தான். காக்காவையும் நான்தான் எடுத்தேன்" என்றாள் அக்கா. "நீ தேய்ச்சுத் தேய்ச்சுப் பெட்டியில பூட்டி வெக்கிறே. அதை வெச்சு என்னத்தக் கிழிக்கப் போறே? அவராவது நாலு பேருக்குக் காட்டினாரு."

இந்த அக்காவையா இத்தனை நாள் பாவம் பாவம் என்று நினைத்திருந்தாள்! எழுந்தாள். அத்தான் கைநழுவ விட்ட தாளை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டில் புது லினோலியத் துண்டு ஒன்றை, இளகட்டும் என்று வெயிலில் வைத்தாள். குடும்பப் புகைப்படத்தை எடுத்து எதிரே சாய்த்துவைத்து, பென்சிலைச் சீவினாள். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு பெரிது. முதலில் அதை இன்னும் பெரிதாக வரைந்தாள்.