இரண்டாவதாக உள்ளே வந்த கப்பல்

கொழும்பைச் சுற்றி வெள்ளம் நின்ற வாரம் அது. நான் துறைமுகத்தில் சீனியர் பைலட். வெளிக்கடலில் கப்பலில் ஏறி, மாஸ்டரான கேப்டனுக்கு வழி சொல்லி உள்ளே கொண்டுவருவது என் வேலை. அன்று காலை எனக்குக் கிடைத்தது, இந்தியாவிலிருந்து மருந்தும் குடிநீரும் ஏற்றி வந்த கப்பல்.

கயிற்று ஏணியில் ஏறி, கப்பலை ஓட்டும் பிரிட்ஜுக்குப் போனதும் கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார். தூத்துக்குடிக்காரர்.

"வாங்க சார், உடனே உள்ள போயிரலாம். வேற எந்த நாட்டுக் கப்பலும் இன்னும் வரல. எங்க அப்பா காலத்துல வெளிநாட்டுக் கோதுமைக்குக் காத்துக் கிடந்தோம். இப்ப நாங்க கொடுக்கிறோம். பக்கத்துல யாருக்குக் கஷ்டம்னாலும் முதல்ல நாங்க நிக்கணும்."

அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் துறைமுக வாயிலில் அலை குறுக்காக அடித்துக்கொண்டிருந்தது.

"கேப்டன், அலை கொஞ்சம் இறங்கட்டும். நிப்பம்."

"ஜனங்க தண்ணியில நிக்கிறாங்க சார்! கப்பலுக்கு மாஸ்டர் நான். முடிவு என்னுது."

"ஓம், கப்பல் உங்கட. ஹார்பர் எங்கட. என்ட அக்கா குடும்பம் ஹெந்தளையில வெள்ளத்துக்குப் பயந்து மொட்டை மாடியில நிக்குது, எனக்கும் அவசரம்தான். ஹார்பர் வாசல்ல நீங்க மாட்டினா, பிறகு வாற ஒரு கப்பலும் உள்ள வரேலாது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கப்பலைக் கடல் பக்கம் திருப்பச் சொன்னார்.

காத்திருக்கும்போது ரேடியோவில் இன்னொரு குரல். வேறொரு நாட்டின் சிறிய கப்பல், மீட்புப் படகுகளோடு வந்திருந்தது. அதன் அடிப்பாகம் தண்ணீருக்குள் அதிகம் இறங்கவில்லை, தரை தட்டாது; அந்த அலையிலும் உள்ளே போகலாம். கேப்டனின் தாடை இறுகியது. கண்ணாடி வழியே அந்தக் கப்பலைப் பார்த்தார்.

"அது முதல்ல போகட்டும் சார். மாடியில நிக்கிறவங்களுக்குத் தண்ணி பாட்டிலைவிட போட்தான் முக்கியம்."

துறைமுகக் கன்ட்ரோலுக்கு நான் ரேடியோவில் சொன்னேன். அந்தக் கப்பல் எங்களைத் தாண்டி உள்ளே போனது. அலை இறங்கியதும் நாங்கள் போனோம். அக்கா குடும்பமும் மறுநாள் பத்திரமாகக் கரை சேர்ந்தது.

அன்று கப்பலை ஜெட்டியில் கட்டியதும் கேப்டனிடம் கேட்டேன்: "ரெண்டாவதா வந்ததுக்கு உங்கட ஆக்கள் ஏசுவினமோ?"

"ஏசட்டும். ஏன் ரெண்டாவதுன்னு நானே சொல்லுவேன்," என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

இளம் பைலட்டுகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெரிய நாட்டுக் கப்பல் என்று பயந்து, அவர்கள் விருப்பப்படி வழி சொல்லாதீர்கள். உள்ளதை நேராகச் சொல்லுங்கள். உண்மையிலேயே பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.